எலெக்ட்ரானிக் கியர் ரோடு பைக்கில் கரகர சத்தம்: காரணத்தைப் பிடித்துச் சரிசெய்வது எப்படி

கேபிள் வைத்த கியரில் சத்தம் வந்தால் பாதி நேரம் குற்றவாளி கேபிள்தான். நாள் ஆக ஆக அது கொஞ்சம் தளரும், உறைக்குள் மண்ணும் துருவும் சேரும். கேபிளின் இறுக்கத்தை மாற்றும் பேரல் அட்ஜஸ்டரை அரைச் சுற்று திருகினால் அடங்கிவிடும். டிரெய்லியர் என்பது செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் கருவி. எலெக்ட்ரானிக் டிரெய்லியரில் அந்தக் கேபிளே கிடையாது, ஒரு சின்ன மோட்டார்தான் அதை நகர்த்தும். கியர் தயாரிக்கும் ஷிமானோ தன் முதல் எலெக்ட்ரானிக் செட்டான டி.ஐ.2-ஐ 2009-இலும், அதன் போட்டியாளரான ஸ்ராம் வயரே இல்லாத ஈ-டேப்பை 2015-இலும் அறிமுகப்படுத்தியபோது பெருமையாகச் சொன்ன விஷயமும் இதுதான்: மோட்டார் ஒவ்வொரு முறையும் அதே இடத்துக்கே போய் நிற்கும்.

அப்படியானால் போன மாதம் அமைதியாக ஓடிய சைக்கிள் இன்று கரகரக்கிறது என்றால், மாறியது மோட்டார் அல்ல. வேறு ஏதோ ஒன்று வளைந்திருக்கிறது, தேய்ந்திருக்கிறது, தளர்ந்திருக்கிறது, அல்லது அழுக்காகியிருக்கிறது. ஆனால் நாம் முதலில் செய்வது என்ன? போனில் ஆப்பைத் திறந்து, டிரெய்லியர் நிற்கும் இடத்தை நூலளவு நகர்த்தும் மைக்ரோ அட்ஜஸ்ட் பட்டனைத் தட்ட ஆரம்பிக்கிறோம். நானும் அதைத்தான் செய்தேன். இரண்டு வார இறுதிகள் போயின. நடுக் கியர்களைச் சரிசெய்தால் பெரிய பல்சக்கரங்களில் சத்தம், அவற்றைச் சரிசெய்தால் சின்னவற்றில் சத்தம். கடைசியில் பார்த்தால் டிரெய்லியரைச் சட்டத்தில் மாட்டும் ஹேங்கர் வளைந்திருந்தது. காரில் ஏற்றும்போது இன்னொரு சைக்கிளை அதன் மேலே சாய்த்து வைத்தது நான்தான்.

அதனால் இந்த வழிகாட்டியில் மைக்ரோ அட்ஜஸ்ட் பின்னால்தான் வரும். அதற்கு முந்தைய வேலைகளை வரிசையாக முடித்துவிட்டால், பல நேரம் அந்தப் பட்டனைத் தொடவே வேண்டியிருக்காது.

முதலில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்

சைக்கிளை ஸ்டாண்டில் மாட்டி, பெடல் பூட்டிய கிராங்கைக் கையால் சுற்றுங்கள். ஸ்டாண்டில் சத்தம் வரவில்லை, ஏறி மிதித்தால்தான் வருகிறது என்றால் அதுவும் ஒரு தகவல்தான். ஒரு ரோட்டில் மெதுவாக ஓட்டிக்கொண்டே கவனியுங்கள்.

மிதிப்பதை நிறுத்தியும் சத்தம் தொடர்கிறதா? அது கியர் அல்ல. டிஸ்க் பிரேக் உரசலாக இருக்கலாம், சக்கரத்தில் ஏதாவது சிக்கியிருக்கலாம். பின் சக்கரத்தின் நடுவிலுள்ள ஃப்ரீஹப்பின் வழக்கமான ‘டிக் டிக்’கைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

கிராங்க் ஒரு சுற்று சுற்றும்போது சரியாக ஒருமுறை ‘டக்’ என்று வந்தால் முன்பக்கத்தைப் பாருங்கள்: செயின்ரிங் (கிராங்கிலுள்ள முன் பல்சக்கரம்) போல்ட், பெடல், அல்லது லேசாக வளைந்த செயின்ரிங் முன் டிரெய்லியர் கூண்டில் ஒரே இடத்தில் தொடுவது.

கிராங்க் இரண்டு சுற்றுக்கும் சற்று அதிகமாகப் போன பிறகு ஒருமுறை வருகிறதா? அப்போது சந்தேகம் செயின்மேல். கணக்கு எளிது. செயினில் 114 கண்ணிகள், முன்னால் 50 பல் என்றால் செயின் முழுதாக ஒருமுறை சுற்றிவர 114-ஐ 50-ஆல் வகுத்தால் வரும் 2.28 கிராங்க் சுற்று ஆகும். 34 பல்லுக்கு மாற்றினால் அதே சத்தம் ஏறக்குறைய 3.35 சுற்றுக்கு ஒருமுறை வரும். அப்படி வந்தால் ஏதோ ஒரு கண்ணி இறுகியிருக்கிறது, அல்லது செயினின் இரு முனைகளை இணைக்கும் குவிக் லிங்க் சரியாகப் பூட்டவில்லை.

எந்த இடைவெளியும் இல்லாமல் தொடர்ந்து கரகரவென்று வந்தால், எந்தெந்தப் பல்சக்கரத்தில் வருகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றிலுமா, பெரிய இரண்டில் மட்டுமா, ஒரே ஒன்றிலா? இந்தச் சின்னப் பட்டியல் பின்னால் பாதி வேலையை மிச்சப்படுத்தும்.

கியர் மாறும்போது வரும் ‘ஸ்ஸ்ட்’ மோட்டாரின் சத்தம். அது வரத்தான் வேண்டும். ஷிமானோவில் பெரிய பல்சக்கரத்துக்கு ஏறும்போது டிரெய்லியர் தேவைக்குச் சற்றுக் கூடுதலாக உள்ளே போய்விட்டுத் திரும்பி வந்து நிற்கும். அதனால் சில நேரம் அந்த ஒலி இரட்டையாகக் கேட்கும். பயப்பட ஒன்றுமில்லை.

ஐந்து நிமிட வேலைகள்

பின் சக்கரத்தைக் கழற்றி மறுபடி மாட்டுங்கள். சைக்கிள் தரையில் நிற்கும்போது, அச்சு முழுக்க உட்காரும்படி மாட்டி, சக்கரத்தின் நடுவே செருகித் திருகும் த்ரூ ஆக்சிலைச் சரியாக இறுக்குங்கள். சக்கரம் ஒரு மில்லிமீட்டர் கோணலாக உட்கார்ந்தாலும் கேசட்டும் (பின் பல்சக்கரத் தொகுதி) அவ்வளவு நகர்ந்துவிடும். 11 ஸ்பீடில், அதாவது பின்னால் 11 பல்சக்கரம் இருந்தால், ஒரு பல்சக்கரத்துக்கும் அடுத்ததுக்கும் இடையே உள்ள தூரமே சுமார் 3.7 மி.மீ. தான். 12 ஸ்பீடில் அது இன்னும் குறைவு. பஞ்சர் ஒட்டிய மறுநாள் வரும் புதுச் சத்தம் பெரும்பாலும் இந்த வகைதான்.

சக்கரம் கையில் இருக்கும்போதே கேசட்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பல்சக்கரங்கள் கலகலவென்று ஆடினால் அவற்றைப் பிடித்து நிறுத்தும் லாக்ரிங் தளர்ந்திருக்கிறது. அதை 40 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்க வேண்டும். இது கையால் நினைப்பதைவிட நல்ல இறுக்கம்.

பேட்டரியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சார்ஜ் குறைந்தால் கரகரப்பு வராது. ஆனால் ஷிமானோவில் சார்ஜ் தீரும்போது முதலில் நிற்பது முன் டிரெய்லியர். செயின் சின்ன ரிங்கிலேயே மாட்டிக்கொள்ள, பின்னால் சின்னப் பல்சக்கரங்களில் ஓட்டிக்கொண்டே ‘உரசுகிறது’ என்று தலையைப் பிய்த்துக்கொள்வோம். ஸ்ராமில் டிரெய்லியரின் விளக்கு பச்சை என்றால் பிரச்சினை இல்லை, சிவப்பு என்றால் சார்ஜ் போட வேண்டும், சிவப்பு மின்னினால் ஐந்து மணி நேரத்துக்கும் குறைவாகத்தான் ஓடும். அதில் முன் பேட்டரியையும் பின் பேட்டரியையும் ஒன்றுக்கொன்று மாற்றிப் போடலாம் என்பதை வழியில் நிற்கும்போது மறந்துவிடாதீர்கள்.

செயின்: சுத்தம், எண்ணெய், தேய்மானம்

காய்ந்த செயினைப் போலச் சத்தம் போடும் பாகம் சைக்கிளில் வேறு இல்லை. டிகிரீசர் போட்டுச் செயின், கேசட், பின் டிரெய்லியரிலுள்ள இரண்டு சின்னச் சக்கரங்களான புல்லிகள் எல்லாவற்றையும் கழுவிக் காயவிடுங்கள். புல்லிப் பற்களில் கறுப்பாக ஒட்டியிருக்கும் பிசினைக் கட்டாயம் சுரண்டி எடுங்கள். அந்தப் பிசின் செயினைப் பல்லில் முழுதாக உட்கார விடாது. பிறகு ஒவ்வொரு ரோலரிலும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, கிராங்கைப் பின்னோக்கிச் சுற்றி, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, வெளியே தெரிவதை எல்லாம் துணியால் துடைத்துவிடுங்கள். எண்ணெய் உள்ளேதான் வேலை செய்யும். வெளியே நிற்பது மண்ணைப் பிடிக்க மட்டுமே உதவும்.

பின்னோக்கிச் சுற்றும்போதே கீழ்ப் புல்லியைக் கடந்து போகும் செயினைக் கவனியுங்கள். இறுகிய கண்ணி அங்கே ஒரு சின்னத் துள்ளல் துள்ளும். அதைப் பக்கவாட்டில் லேசாக வளைத்து நெகிழ்த்தலாம். நெகிழவில்லை என்றால் செயினையே மாற்றிவிடுவது நல்லது.

தேய்மானத்துக்கு ஒரு செயின் கேஜ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 11, 12 ஸ்பீடு செயின்களில் 0.5 சதவீதத்தைத் தொட்டவுடன் மாற்றுவது வழக்கம். ஒரு பக்க விளிம்பு தட்டையாக இருக்கும் ஸ்ராமின் ஃப்ளாட்டாப் செயினுக்கு அந்த நிறுவனம் சொல்லும் எல்லை 0.8. இதில் ஒரு சிக்கல் உண்டு. ஃப்ளாட்டாப் செயினின் ரோலர் வழக்கமானதைவிடப் பெரியது. ரோலர்களை எதிரெதிர்த் திசையில் தள்ளி அளக்கும் சாதாரண கேஜில் அளவு சரியாக வராது. அதற்கு ஒத்துவரும் கேஜில் அளந்த பிறகே முடிவு செய்யுங்கள்.

புதுச் செயின் போட்ட பிறகுதான் சத்தமே ஆரம்பித்ததா? நீங்கள் அதிகம் ஓட்டும் இரண்டு, மூன்று பல்சக்கரங்களில் மட்டும் அழுத்தி மிதிக்கும்போது செயின் தாவினால் கேசட்டும் தேய்ந்துபோயிருக்கிறது. அதை எந்தப் பட்டனாலும் சரிசெய்ய முடியாது.

இன்னொன்று, இதைச் சொல்ல எனக்கே கொஞ்சம் வெட்கம். பின் டிரெய்லியர் கூண்டுக்குள், இரண்டு புல்லிகளுக்கும் நடுவே, செயின் தப்பாமல் இருக்க ஒரு சின்ன உலோக நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். செயின் அதற்கும் புல்லிக்கும் இடையே போக வேண்டும். அவசரத்தில் நாக்கின் மறுபக்கம் விட்டுப் பூட்டினாலும் செயின் ஓடும், கியரும் மாறும், ஆனால் எல்லாக் கியரிலும் அரைக்கும் சத்தம் வரும். ‘புதுச் செயின் பழகட்டும்’ என்று நான் 40 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். செயினில் எழுத்து பொறித்த பக்கம் வெளியே தெரிகிறதா, குவிக் லிங்கில் அம்புக்குறி இருந்தால் அது செயின் ஓடும் திசையைக் காட்டுகிறதா என்பதையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.

ஹேங்கர்: இங்கே நிதானம் வேண்டும்

டிரெய்லியரைச் சட்டத்தோடு இணைக்கும் அந்தச் சின்ன அலுமினியத் துண்டு வளைவதற்காகவே செய்யப்பட்டது. விழுந்தால் சட்டமும் டிரெய்லியரும் தப்பிக்க, அது வளையும் அல்லது உடையும். பெரிதாக விழ வேண்டும் என்றில்லை. சுவரில் சாய்த்த சைக்கிள் வலப்பக்கம் சரிந்தாலே போதும்.

ஹேங்கர் வளைந்ததற்கான அடையாளம் நான் முன்பு சொன்னதுதான்: ஒரு பகுதி சரியானால் மறுபகுதி கெடும். காரணம் இது. ஹேங்கர் சாய்ந்தால் புல்லியும் சாய்கிறது, டிரெய்லியர் கேசட்டின் குறுக்கே போகும் பாதையும் மாறுகிறது. மைக்ரோ அட்ஜஸ்ட் எல்லாக் கியர்களையும் ஒரே அளவு, ஒரே பக்கம் நகர்த்தும். கியருக்குக் கியர் மாறுபடும் பிழையை அதைக்கொண்டு எப்படித் திருத்துவது?

முதலில் கண்ணால் பாருங்கள். செயினை நடுப் பல்சக்கரத்தில் வைத்துப் பின்னால் போய்க் குனிந்து நில்லுங்கள். பல்சக்கரம், மேல் புல்லி, கீழ்ப் புல்லி மூன்றும் ஒரே செங்குத்துத் தளத்தில் தெரிய வேண்டும். கீழ்ப் புல்லி சக்கரத்தின் பக்கம் சாய்ந்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

கண்ணுக்குத் தெரியாத வளைவுக்கு ஹேங்கர் அளக்கும் கருவி வேண்டும். டிரெய்லியரைக் கழற்றி, அந்தத் துளையில் கருவியைத் திருகி, அதன் கையை ரிம்மின் அருகே கொண்டுவந்து இடைவெளியை அளக்க வேண்டும். மேலே, கீழே, முன்னே, பின்னே என்று நான்கு இடங்களில் அளக்க வேண்டும். இதில் பலர் தவறவிடும் ஒரு நுணுக்கம் இருக்கிறது: கருவியை நகர்த்தும்போது சக்கரத்தையும் சேர்த்துச் சுற்றி, ரிம்மில் ஒரே புள்ளியைத்தான் தொட வேண்டும். வால்வு இருக்கும் இடத்தை அடையாளமாக வைத்துக்கொண்டால் சுலபம். அப்படிச் செய்தால் ரிம் லேசாகக் கோணலாக இருந்தாலும் அளவு தப்பாது. நான்கு இடங்களுக்கும் உள்ள வித்தியாசம் 4 மி.மீ.க்குள் இருப்பது பொதுவான எல்லை. 12 ஸ்பீடுக்கு நான் 2 மி.மீ.க்குள் கொண்டுவராமல் விடுவதில்லை.

வளைந்ததை அந்தக் கருவியாலேயே கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தலாம். ஒரே இழுப்பில் வேண்டாம். ஒருமுறை நன்றாக வளைந்து நிமிர்ந்த அலுமினியம் மறுமுறை உடைந்துவிடலாம். அதனால் உங்கள் சட்டத்துக்குப் பொருந்தும் உதிரி ஹேங்கர் ஒன்றைக் கைவசம் வைத்திருங்கள். ஸ்ராம் 2024-இல் கொண்டுவந்த 13 ஸ்பீடு ரெட் எக்ஸ்.பி.எல்.ஆரில் டிரெய்லியர் நேராகச் சட்டத்திலேயே பூட்டிக்கொள்கிறது, ஹேங்கரே இல்லை. அது உங்களிடம் இருந்தால் இந்தப் பகுதியை மறந்துவிடலாம்.

டிரெய்லியரைத் திரும்ப மாட்டும்போது டார்க் ரெஞ்சைப் பயன்படுத்துங்கள். ஷிமானோ சொல்வது 8 முதல் 10 நியூட்டன் மீட்டர்.

அண்மையில் சைக்கிள் விழுந்திருந்து, பின் கியர் மாறவே மறுத்தால் அது வேறு கதை. அடி வாங்கும்போது மோட்டாருக்கும் டிரெய்லியரின் கைக்கும் உள்ள தொடர்பைத் துண்டிக்கும் பாதுகாப்பு ஷிமானோவில் உண்டு. அட்ஜஸ்ட் பட்டனை ஐந்து விநாடிக்கு மேல் அழுத்திப் பிடித்து, பிறகு கிராங்கைச் சுற்றினால் தொடர்பு திரும்ப வரும். வந்த பிறகும் ஹேங்கரைப் பார்க்காமல் ஓட்ட வேண்டாம்.

பி ஸ்க்ரூ

மேல் புல்லிக்கும் மிகப் பெரிய பல்சக்கரத்துக்கும் உள்ள இடைவெளியைப் பின் டிரெய்லியரிலுள்ள இந்தத் திருகுதான் தீர்மானிக்கிறது. முன்னால் சின்ன ரிங், பின்னால் மிகப் பெரிய பல்சக்கரம் என்று செயினை வைத்துப் பாருங்கள். இடைவெளி மிகக் குறைந்தால் அந்த ஒரு கியரில் மட்டும் உறுமல் வரும், கிராங்கைப் பின்னோக்கிச் சுற்றினால் அது இன்னும் தெளிவாகக் கேட்கும். மிக அதிகமானால் எல்லாக் கியர் மாற்றமும் சோம்பலாக, தடதடவென்று நடக்கும். ஷிமானோவில் 5, 6 மி.மீ. நல்ல தொடக்கம். 5 மி.மீ. ஆலன் கீயை நடுவில் நுழைத்துப் பார்த்துக்கொள்ளலாம். ஸ்ராம் இதற்கென்றே ஒரு பிளாஸ்டிக் அளவுக்கருவி தருகிறது. அது இல்லாமல் குத்துமதிப்பாக வைக்க முயல வேண்டாம், அந்த டிரெய்லியர்கள் இந்த இடைவெளியில் பிடிவாதம் பிடிப்பவை. கேசட்டை 30 பல்லிலிருந்து 34-க்கு மாற்றியவர்கள் இதை மறப்பதுதான் வழக்கம்.

இப்போது மைக்ரோ அட்ஜஸ்ட்

சரி, சக்கரம் நேராக இருக்கிறது, செயின் சுத்தம், ஹேங்கர் நேர், இடைவெளி சரி. இன்னும் சத்தம் இருந்தால் இப்போது பட்டனைத் தொடலாம்.

ஷிமானோவின் 11 ஸ்பீடில், வயர்கள் சேரும் ஜங்ஷன் பெட்டியிலுள்ள பட்டனைச் சிவப்பு விளக்கு எரியும்வரை அழுத்திவிட்டு விடுங்கள். அதற்கு மேலும் பிடித்தால் முன்பு சொன்ன ரீசெட் வேலை ஆரம்பித்துவிடும். இப்போது ஷிஃப்டர் பட்டனை ஒருமுறை தட்டினால் டிரெய்லியர் ஒரு நூலளவு நகரும். 2021-இல் வந்த 12 ஸ்பீடு செட்களில் பட்டன் பின் டிரெய்லியரிலேயே இருக்கிறது. ஷிமானோவின் ஈ-டியூப் ஆப்பிலும் இதையே செய்யலாம், தற்போதைய எண்ணும் அதில் தெரியும். ஸ்ராமில் லீவரின் உள்பக்கமுள்ள சின்ன பட்டனைப் பிடித்துக்கொண்டு அதே பக்க ஷிஃப்டரைத் தட்ட வேண்டும். இடது தட்டினால் உள்ளே, சக்கரத்தின் பக்கம். வலது தட்டினால் வெளியே.

தொடங்கும் முன் தற்போதைய எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எண் தெரியாவிட்டால் எத்தனை தட்டு, எந்தப் பக்கம் என்றாவது எழுதுங்கள். திரும்பி வர வழி தெரியாமல் காட்டுக்குள் போகக் கூடாது.

11 ஸ்பீடுக்கு ஷிமானோ சொல்லும் முறை இது. பெரியதிலிருந்து எண்ணினால் ஐந்தாவது பல்சக்கரத்தில் செயினை வையுங்கள். கிராங்கைச் சுற்றிக்கொண்டே உள்பக்கமாக ஒவ்வொரு தட்டாகத் தட்டுங்கள். பக்கத்துப் பெரிய பல்சக்கரத்தைச் செயின் லேசாகத் தொட்டுச் சத்தம் வரும் இடத்தில் நிறுத்துங்கள். அங்கிருந்து வெளியே நான்கு தட்டு. அவ்வளவுதான்.

நான் அதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். எந்த செட்டுக்கும் இது பொருந்தும். உள்பக்கம் உரசல் தொடங்கும் இடத்திலிருந்து வெளிப்பக்கம் சத்தம் தொடங்கும் இடம்வரை எத்தனை தட்டு என்று எண்ணுவேன். அந்த அமைதியான இடைவெளி தாராளமாக இருந்தால் நடுவில் வைத்துவிட்டு எழுந்துவிடுவேன். ஒன்றிரண்டு தட்டில் முடிந்துவிட்டால் அதை வெற்றியாக எடுத்துக்கொள்வதில்லை. முந்தைய படிகளில் எதையோ தவறவிட்டிருக்கிறேன் என்று அர்த்தம். பெரும்பாலும் ஹேங்கர், அல்லது தேய்ந்த செயின்.

பிறகு எல்லாப் பல்சக்கரங்களிலும் ஏறி இறங்கிப் பாருங்கள், ரோட்டிலும் ஓட்டிப் பாருங்கள். சுமை ஏறும்போது சட்டமும் சக்கரமும் லேசாக நெளியும் என்பதால் ஸ்டாண்டில் கிடைத்த அமைதிக்கும் ரோட்டில் கிடைப்பதற்கும் ஒரு தட்டு வித்தியாசம் இருக்கலாம்.

லிமிட் ஸ்க்ரூக்களை இதற்கு அப்புறம்தான் தொட வேண்டும். அவை கியரைச் சரிசெய்பவை அல்ல, எல்லைச் சுவர்கள். பெரிய பல்சக்கரப் பக்கத்து எல்லையான எல் ஸ்க்ரூவை அதிகம் இறுக்கினால் பெரிய பல்சக்கரத்துக்குப் போகும்போது நான் சொன்ன அந்தக் கூடுதல் அசைவுக்கு இடமில்லாமல் போய் மோட்டார் சுவரில் முட்டும். கியர் சரியாக ஏறாது. முட்டியும் முட்டாமலும் ஒரு சிறு இடைவெளி இருக்கட்டும். அதே நேரம் செயின் ஆரக்கம்பிகளுக்குள் விழும் அளவுக்குத் தளர்த்தவும் கூடாது.

முன் டிரெய்லியர்

வரிசை முக்கியம்: உயரம், கோணம், பிறகு எல்லை. கூண்டின் வெளித்தகடு பெரிய ரிங்கின் பற்களுக்கு மேலே 1 முதல் 3 மி.மீ. உயரத்தில், ஷிமானோவில் ரிங்குக்கு இணையாக இருக்க வேண்டும். முன் சின்ன ரிங், பின் பெரிய பல்சக்கரம் என்று வைத்தால் உள்தகட்டுக்கும் செயினுக்கும் இடையே அரை மில்லிமீட்டருக்குள் இடைவெளி போதும்.

ஷிமானோவில் பின் கியர் மாறும்போது முன் டிரெய்லியரும் தானாகவே கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுக்கும். ஸ்ராமில் அந்த நகர்வு இல்லை, கூண்டு திரும்பும் விதத்திலேயே அதைச் சமாளிக்கிறார்கள். அதனால் அங்கே கோணம் கொஞ்சம் பிசகினாலும் உரசல் காட்டிக்கொடுத்துவிடும்.

நன்றாக இருந்த முன் டிரெய்லியர், பெரிய ரிங்குக்கு ஏற்றும்போது மட்டும் தடுமாறிச் சத்தம் போட்டால் சப்போர்ட் போல்ட்டைப் பாருங்கள். டி.ஐ.2 மோட்டார் பலமாகத் தள்ளும். அந்தப் போல்ட் சட்டத்தில் ஒட்டிய தகட்டின்மேல் அழுந்தி நிற்காவிட்டால் டிரெய்லியர் செயினைத் தள்ளுவதற்குப் பதில் தானே முறுக்கிக்கொள்ளும்.

போகாத சத்தமும் இருக்கிறது

பெரிய ரிங்கோடு பெரிய பல்சக்கரம், சின்ன ரிங்கோடு சின்ன பல்சக்கரம். இந்தக் கோணல் கோட்டில் எவ்வளவு சரிசெய்தாலும் கொஞ்சம் உரசல் மிஞ்சும். கிராங்கிலிருந்து பின் சக்கரத்துக்குப் போகும் செயின்ஸ்டே குழாய் குட்டையாக உள்ள ரேஸ் சட்டங்களில் இன்னும் அதிகம். அதைத் துரத்திக்கொண்டு நல்ல செட்டிங்கைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், முன்னால் ரிங்கை மாற்றிவிடுங்கள்.

இரண்டு ஜோடிச் சக்கரம் வைத்திருந்தால் ஒன்றில் அமைதி, மற்றொன்றில் கரகரப்பு என்பது இயல்பு. ஹப்புக்கு ஹப் கேசட் உட்காரும் இடம் சில பத்தில் ஒரு மில்லிமீட்டர் மாறும். 11 ஸ்பீடு ஹப்பில் 10 ஸ்பீடு கேசட் போடுபவர்கள் 1.85 மி.மீ. ஸ்பேசரை மறக்கவும் கூடாது. பின் சக்கரத்தைக் கழற்றி நேரடியாக மாட்டும் இண்டோர் ட்ரெய்னர்களுக்கும் இதே கதைதான். ஒவ்வொன்றுக்கும் எத்தனை தட்டு வித்தியாசம் என்று ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால் போதும். என் ட்ரெய்னரின் காலில் ஒரு டேப் ஒட்டியிருக்கிறேன். அதில் எழுதியிருப்பது: ‘உள்ளே 3. கழற்றும்போது வெளியே 3.’